பேசும் முரசைப் பாடமாக்கியவர் – ஃபெலா சோவாண்டே

‘ஃபெலா’ என்றதும் இசை ஆர்வலர் பலருக்கு நினைவுக்கு வருபவர் 1997ஆம் ஆண்டு மறைந்த ஃபெலா குட்டி. சாக்சபோன் ஏந்தி, இராணுவ ஆட்சியாளர்களை எதிர்த்துப் பாடிய அந்த நைஜீரியக் கலைஞரின் புகழ் உலகறிந்தது. ஆனால், அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அதே யொருபா இனத்தில் இன்னொரு ஃபெலா பிறந்தார். அவர் மேடையில் முழங்கியவர் அல்லர். தேவாலயத்து ஆர்கன் முன்னும் பல்கலைக்கழக வகுப்பறையிலும் அமர்ந்து, ஆப்பிரிக்கரின் இசையையும் சமயத்தையும் உலகுக்கு எடுத்துச் சொன்னவர். அவர்தாம் ஃபெலா சோவாண்டே.

அயலார் கருவியை அயலாரே வியக்கும் அளவுக்குக் கற்றுத் தேர்ந்து, அதிலேயே தம் இனத்தின் குரலை ஒலிக்கச் செய்தவர் அவர். அது மட்டும் போதாது என உணர்ந்தபோது, பட்டங்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தம் ஊர்ப் பெரியவர்களிடம் மாணவராய் அமரவும் அவர் தயங்கவில்லை. மொழியையும் பண்பாட்டையும் நெஞ்சில் சுமக்கும் மாணவர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

தந்தை வழியும் ஆசான் வழியும்

சோவாண்டே 1905ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், நைஜீரியாவின் தென்மேற்கே அமைந்துள்ள யொருபா நாட்டில் பிறந்தார். அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது. தந்தை இம்மானுவேல் சோவாண்டே ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு. நைஜீரியத் தேவாலய இசைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். ஆகவே, இசை அந்தப் பிள்ளைக்கு வீட்டுச் சொத்தாகவே கிடைத்தது.

பள்ளிப் படிப்பை லேகோஸ் நகரில் மேற்கொண்ட சோவாண்டே, அந்நகரின் கிறிஸ்து பேராலயத்துச் சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்தார். அங்கே ஆர்கன் இசைத்தவர் தாமஸ் எக்குண்டாயோ ஃபிலிப்ஸ். இலண்டனில் முறையாக இசை பயின்று 1914இல் திரும்பிய ஃபிலிப்ஸ், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அப்பேராலய இசையை வழிநடத்தியவர். இளைய சோவாண்டேயின் காதில் பாக், ஹேண்டல் ஆகியோரின் இசையை விழச் செய்தவர் அவரே. யொருபா மொழிக்குப் பொருந்தும் வழிபாட்டு இசை எது என்ற கேள்வியை அந்த இளநெஞ்சில் விதைத்தவரும் அவரே.

ஒரே சொல், நான்கு பொருள்

அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள யொருபா மொழியின் இயல்பைச் சற்று அறிய வேண்டும். சீன மொழியைப் போல யொருபாவும் தொனி மொழி. சீன நண்பர்களோடு படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஒரே ஒலி, ஏற்ற இறக்கத்திற்கு ஏற்பப் பொருள் மாறும். ‘ஒக்கொ’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு தொனியில் சொன்னால் கணவன். இன்னொரு தொனியில் மண்வெட்டி. வேறொரு தொனியில் ஊர்தி. தொனி மேலும் மாறினால் ஈட்டி!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயச் சமயப் பரப்புநர்கள் தங்கள் ஞானப்பாடல்களை யொருபாவில் மொழிபெயர்த்தார்கள். சொற்கள் யொருபா, மெட்டோ இங்கிலாந்தில் பாடிய அதே மெட்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பாமாலை’ என்று வழங்குவார்களே, அந்த வகை. தமிழில் அவ்வாறு பாடினால் கேட்பதற்குச் சற்று அயன்மையாக இருக்கும், பொருள் கெடாது. யொருபாவிலோ சொல்லின் தொனி ஏற வேண்டிய இடத்தில் மெட்டு இறங்கினால் சொல்லே வேறாகிவிடும். இறைவனைப் புகழ எழுந்த வரி பொருளற்ற சொற்கூட்டமாகிவிடவும் கூடும். ஆண்டுக்கணக்கில் மக்கள் இப்படித்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மாற்றாக, மொழியின் தொனியைப் பின்பற்றி மெட்டமைக்கும் யொருபா இசைஞர்கள் தோன்றினார்கள். ஃபெலா குட்டியின் பாட்டனாராகிய ரான்சம் குட்டி பாதிரியார் அவர்களுள் ஒருவர். ஃபிலிப்ஸ் தம் ஆய்வின் முடிவுகளை 1953இல் யொருபா இசை பற்றிய நூலாகவே வெளியிட்டார். இந்த மரபின் மடியில் வளர்ந்தவர் சோவாண்டே.

பேராலயத்திற்கு வெளியே வேறொரு பள்ளிக்கூடமும் இருந்தது. அதுதான் தெருவில் ஒலித்த முரசு. யொருபா மக்களின் ‘துண்டுன்’ முரசு நம் உடுக்கையைப்போல் இடை சிறுத்தது. பக்கவாட்டு வார்களை அக்குளில் இறுக்கியும் தளர்த்தியும் வளைகோலால் அடிக்கும்போது அதன் தொனி ஏறி இறங்கும். மொழியின் தொனியை அப்படியே ஒலிக்க வல்லதாகையால், முரசு உண்மையாகவே பேசும். ஒருவரின் புகழ்ப்பெயரைச் சொல்லி அழைக்கும்; பழமொழி சொல்லும்; கேலியும் பேசும். யொருபாவில் பேச்சுக்கும் இசைக்கும் இடையே சுவர் இல்லை என்னும் உண்மையை சோவாண்டே பிற்காலத்தில் உலகுக்கு விளக்கினார். அதன் முதற்பாடம் இங்கேதான் கிடைத்தது.

பொறியியல் படிக்கப் போனவர்

1930களின் தொடக்கத்தில் லேகோசில் நடன இசைக் குழுவில் ஜாஸ் வாசித்துவந்த சோவாண்டே, 1934இல் கட்டடப் பொறியியல் படிக்கவே இலண்டனுக்குக் கப்பலேறினார். ஆனால், பிழைப்புக்காகக் கையிலெடுத்த இசையே அவரைப் பிடித்துக்கொண்டது. இரவு விடுதிகளில் பியானோ வாசித்தார். அமெரிக்க ஜாஸ் மேதை ஃபாட்ஸ் வாலரோடு இணைந்து பியானோ வாசித்தார். புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி அடிலெய்ட் ஹால் இலண்டனில் பதிவு செய்த இசைத்தட்டுகளில் ஆர்கன் இசைத்தார். பிபிசி வானொலியிலும் அவரது ஆர்கன் ஒலித்தது.

இரவில் ஜாஸ் வாசித்த கைகள் மற்ற நேரங்களில் பாக் பயின்றன. 1943ஆம் ஆண்டு ஆர்கன் இசைஞர்களுக்கான இங்கிலாந்து அரசக் கல்லூரியின் உறுப்பினர் பட்டத்தை அவர் பெற்றார். ஆர்கன் இசையில் அக்காலத்தில் மிகக் கடினமெனக் கருதப்பட்ட தேர்வு அது. தேர்ச்சி பெற்றதோடு மூன்று பரிசுகளையும் வென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் இசை இளங்கலைப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்கருக்குச் செவ்வியல் இசை கைவராது என்று எண்ணியவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறென்ன வேண்டும்?

இரண்டாம் உலகப் போரின்போது அவர் பிரித்தானிய வான்படையில் சேர்ந்தார். பின்னர், ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்காகக் கல்விப் படங்கள் தயாரித்த அரசுத் திரைப்படப் பிரிவில் இசைப் பொறுப்பை ஏற்றார். அப்படங்களுக்காகவும் பிபிசியில் ஆப்பிரிக்க இசை பற்றி ஆற்றிய உரைகளுக்காகவும் அவர் ஆப்பிரிக்க மெட்டுகளைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. தாயகத்தின் இசையை ஆய்வுக் கண்ணோடு அவர் அணுகியது ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருந்த இலண்டனில்தான்.

அந்தத் தேடலின் விளைவே 1944இல் அவர் இயற்றிய ‘ஆப்பிரிக்கன் சூட்’. நரம்பிசைக் கருவிகளுக்காக எழுதப்பட்ட ஐந்து பகுதிகள் கொண்ட படைப்பு அது. அதில் ஒரு பகுதி கானா நாட்டு இசைமேதை எஃப்ராயிம் அமுவின் மெட்டை அடிப்படையாகக் கொண்டது. இந்த அமுவும் நினைவில் கொள்ளத்தக்கவர். தேவாலயத்தில் ஆப்பிரிக்க உடை அணிந்து, ஆப்பிரிக்க இசையைப் புகுத்தியதற்காக 1933இல் ஆசிரியர் கல்லூரி வேலையை இழந்தவர். சோவாண்டேயின் படைப்பின் இறுதிப் பகுதியாகிய ‘அக்கின்லா’ மேற்கு ஆப்பிரிக்க நடன இசையின் துள்ளலைக் கொண்டது. கனடா வானொலியில் 1956 முதல் 1997 வரை ஒலிபரப்பான புகழ்பெற்ற இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு அதுவே முகப்பிசை ஆயிற்று. நாற்பது ஆண்டுகள் அதைக் கேட்ட நேயர்களுள் எத்தனை பேர் அதை இயற்றியவரின் பெயரை அறிந்திருப்பார்கள்?

போருக்குப் பின் 1945 முதல் 1952 வரை, இலண்டன் கிங்ஸ்வே மண்டபத்துத் திருச்சபையில் அவர் ஆர்கன் இசைஞராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் பணியாற்றினார். அக்காலத்திலும் பின்னரும் எழுதிய ஆர்கன் படைப்புகளில் ஐரோப்பிய வடிவங்களுக்குள் யொருபா மெட்டுகளை அவர் அமர்த்தினார். அம்மெட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் அமைந்தவை. நம் மோகன இராகத்தை நினைவூட்டுபவை. இறைவனின் புகழ்ப்பெயரால் அமைந்த ‘ஓயிகியிகி’ என்னும் படைப்பு இதற்கு நல்ல சான்று. எளிய நாட்டார் மெட்டொன்று அதில் மாறி மாறி விரிந்து, பெரும் ஆர்கனின் முழுக்குரலாக வளர்கிறது.

வானொலியிலிருந்து இஃபாவுக்கு

1953இல் சோவாண்டே நைஜீரியா திரும்பி, அந்நாட்டு வானொலி நிலையத்தின் இசைப் பகுதிக்குத் தலைமையேற்றார். மரபு வழிப் பூசகர்களிடமும் ஊர்க் கலைஞர்களிடமும் செய்திகளையும் பாடல்களையும் திரட்டி, வாரந்தோறும் வானொலி நிகழ்ச்சிகளாக வழங்கினார். 1957இல் அமெரிக்கா சென்று பல நகரங்களில் ஆர்கன் கச்சேரிகள் நிகழ்த்தினார். 1960ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நைஜீரியா விடுதலை பெற்றபோது, அந்த வரலாற்று நிகழ்வுக்காக ‘நாட்டார் சிம்பொனி’யை இயற்றும் பெருமை அவருக்குக் கிட்டியது.

இசைஞர் ஒருவர் விரும்பக்கூடிய எல்லாமே அவருக்குக் கிடைத்துவிட்டன: பட்டம், பதவி, பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது, நாட்டின் மதிப்பு. ஆனால், அவர் திசை மாறியது இங்கேதான்.

பாடல்களைத் திரட்டத் திரட்ட, அவருக்கு ஓர் உண்மை தெளிவாகியது. ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து வந்த பாடல் வெறும் கூடு. அதன் உயிர் அது பாடப்படும் சடங்கில், அது அழைக்கும் தெய்வத்தில், அதை நம்பும் மனத்தில் இருக்கிறது. யொருபா வாழ்வில் குழந்தை பிறந்ததும் அதற்கென ‘ஒரிக்கி’ என்னும் புகழ்ப்பெயர் உண்டு. அதைப் பாடித்தான் தாய் பிள்ளையைத் தேற்றுவாள். முரசு அடிப்போருக்கு ‘அயான்’ என்னும் தெய்வம் உண்டு; அக்குடும்பத்துப் பிள்ளைகள் அத்தெய்வத்தின் பெயரையே முன்னொட்டாகத் தாங்குவார்கள். முரசின் மரமும் தோலும் அவர்களுக்கு வெறும் பொருள்கள் அல்ல. இவற்றை அறியாமல் தாளத்தை மட்டும் எண்ணி எழுதினால் அது ஆப்பிரிக்க இசை ஆகுமா?

இந்தக் கேள்வி அவரை இஃபாவிடம் கொண்டு சேர்த்தது. இஃபா என்பது யொருபா மக்களின் குறி கேட்கும் முறை. அதே வேளையில் அவர்களின் மெய்யியல், வரலாறு, மருத்துவம், கவிதை யாவும் சேர்த்து வைக்கப்பட்ட கருவூலமும் அதுவே. குறி சொல்லும் ‘பபலாவோ’ பதினாறு பனங்கொட்டைகளைக் கைக்குக் கை மாற்றுவார். கையில் எஞ்சுவது ஒன்றா, இரண்டா எனப் பார்த்து, மரத்தட்டில் பரப்பிய பொடிமீது கோடுகள் இடுவார். எட்டுமுறை இடப்படும் கோடுகளிலிருந்து 256 வடிவங்களுள் ஒன்று தோன்றும். ஒவ்வொரு வடிவத்திற்கும் ஏராளமான பாடல்கள் உண்டு. அவை கதையும் அறிவுரையும் கொண்டவை. எழுத்தில் இல்லாத அந்தப் பெரும் இலக்கியத்தைப் பபலாவோக்கள் பல்லாண்டுகள் மனனம் செய்தே கற்கிறார்கள்.

சமயப் பரப்புநர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். படித்த ஆப்பிரிக்கர் பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலிக்கக் குருவின் மகனாகிய சோவாண்டேயோ, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் காத்துவந்த அறிவின்முன் மாணவராக அமர்ந்தார். 1964இல் இஃபா பற்றி நூல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டுகளில் இபாடான் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பேராசிரியராகி, யொருபா இசை, சமயம், சிந்தனை ஆகியவற்றை ஒன்றாக இணைத்து ஆராய்ந்தார். வெளியுலகம் அந்த மதிப்பை உணரப் பல ஆண்டுகள் ஆயின. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இஃபாவை மனித குலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. சோவாண்டேயின் நூல் வெளிவந்து அப்போது நாற்பத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன.

அமெரிக்க வகுப்பறைகளில்

1966இல் நைஜீரியாவில் இருமுறை இராணுவப் புரட்சி நடந்தது. 1967இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு சோவாண்டே அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1867இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகம் கறுப்பின மக்களின் உயர்கல்விக்குப் பெயர் பெற்றது.

அவர் சென்ற காலம் கொந்தளிப்பானது. 1968 மார்ச்சில் ஹோவர்ட் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றி அமர்ந்தார்கள். தங்கள் இனத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் முக்கியமானது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களாகிய அந்த இளைஞர்கள், அறுந்துபோன வேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்முன் ஆசிரியராக நின்றார் அறுபத்து மூன்று வயது சோவாண்டே.

ஆப்பிரிக்க உடையும் பெயரும் தாளமும் மட்டும் ஒருவரை ஆப்பிரிக்கர் ஆக்கிவிடா என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஆப்பிரிக்கரின் இசையை ஆப்பிரிக்கரின் உலகப் பார்வையிலிருந்தே காண வேண்டும். அந்தப் பார்வைக்கு அடிப்படை சமயம். கண்ணுக்குத் தெரியும் உலகமும் தெரியாத உலகமும், வாழ்பவரும் முன்னோரும் பிறக்கவிருப்போரும் ஒரே குடும்பம் என்னும் நம்பிக்கையே அது. பாட்டும் முரசும் இவர்களை இணைக்கும் கயிறு. மேலைநாட்டு நூல்களின் அளவுகோலை வைத்து அதை அளக்கப் புகுந்தால் மிஞ்சுவது ஓசை மட்டுமே. 1969இல் ஆப்பிரிக்கச் சமுதாயத்தில் இசை வகிக்கும் இடம் பற்றி அவர் எழுதி வெளியிட்டதும் இந்நோக்கிலேயே.

1972 அளவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கும், பின்னர் ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்திற்கும் சென்று தம் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். ஆப்பிரிக்கச் சமயமும் கலையும் பல்கலைக்கழகப் பாடமாக இடம்பிடிக்கத் தொடங்கிய அந்நாளில், பாடத்திற்கு வேண்டிய அடிப்படைகளை வகுத்துக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

இரு பக்கத்து ஏச்சு

சோவாண்டேயின் இசையைக் குறை கூறியவர்களும் உண்டு. விடுதலைக்குப் பிந்திய நைஜீரியாவில், அவரது இசை மிகவும் ஐரோப்பியத் தன்மை கொண்டது என்று கருதியவர்கள் இருந்தார்கள். அது முற்றிலும் தவறான கருத்தன்று. பாக்கையும் ஜாஸையும் கரைத்துக் குடித்த ஒருவரின் சுரக்கோப்பு அது. அவரது ஆர்கன் படைப்புகளை யொருபா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாசிக்க, முதலில் ஆர்கன் வேண்டுமே!

ஆனால், அவரது விடையிலும் நியாயம் இருந்தது. கலைஞன் தன் மரபு வடிவங்களுக்குள் மட்டுமே இயங்க வேண்டும் என்று கட்டளையிடுவது, தென்னாப்பிரிக்க நிறவெறியைக் கலைக்குள் கொண்டுவருவதற்கு ஒப்பாகும் என்று அவர் கருதினார். உனக்கு இது தகாது என்று வெள்ளையன் சொன்னால் அது ஒடுக்குமுறை. அதையே நம்மவர் சொன்னால் மட்டும் அது விடுதலையாகிவிடுமா? தன் வேரை அறிந்தவன் பிறர் தோட்டத்துப் பழத்தைச் சுவைக்க அஞ்ச வேண்டியதில்லை என்பதே அவர் வாழ்ந்து காட்டிய கொள்கை. அதே நேரத்தில், வேரை அறிவது உரத்த பேச்சால் ஆவதன்று, நீண்ட உழைப்பால் ஆவது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அந்த உழைப்புக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஆய்விலும் ஆசிரியப் பணியிலும் மூழ்கிய பிற்காலத்தில் அவர் புதிய இசைப் படைப்புகள் தருவது மிகவும் குறைந்துபோயிற்று. இன்னும் எத்தனை சிம்பொனிகள் எழுதியிருப்பாரோ என்று இசையுலகம் ஏங்குவதில் வியப்பில்லை. தாயகத்தின் ஆன்மாவைப் பற்றியே பேசிய அவருடைய வாழ்வின் இறுதி ஆண்டுகள் அயல்மண்ணிலேயே கழிந்தன. 1987ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தின் ரவென்னா நகரில் அவர் மறைந்தார். அம்மாநிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச் சென்றவை

அவர் திறந்த வழியில் நைஜீரிய இசைஞர்கள் பலர் நடந்தார்கள். அயோ பங்கோலே ஆர்கன் இசையிலும் குரலிசையிலும் யொருபா மரபைத் தொடர்ந்தார். அக்கின் யூபா, பியானோவை ஆப்பிரிக்க முரசுபோல் பேசவைக்கும் முறையைக் கோட்பாடாகவே வளர்த்தார். சோவாண்டே கற்பித்த அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவரும் பின்னாளில் பேராசிரியராக விளங்கினார். உலகின் பல தேவாலயங்களிலும் இசையரங்குகளிலும் சோவாண்டேயின் ஆர்கன் படைப்புகளை இன்றும் வாசிக்கிறார்கள். இத்தனைக்கும் மேலாக, ஆப்பிரிக்கப் பழஞ்சமயங்களை இரக்கத்தோடும் ஏளனத்தோடும் பார்த்த கல்வியுலகம், அவற்றை அறிவு மரபாக ஏற்று உட்கார்ந்து கேட்கத் தொடங்கியதில் அவருக்கும் பங்குண்டு.

பல்கலைக்கழகத்தில் நாம் பெரும்பாலும் பிற மொழிகளில் பயில்கிறோம். நம் மொழியும் கலையும் கழகக் கூட்டங்களிலும் கலை இரவுகளிலும்தாம் நமக்கு நெருக்கமாகின்றன. வேட்டியும் சேலையும் உடுத்தி மேடையேறும் அந்த இரவுகள் இனிமையானவை, தேவையானவையும்கூட. ஆனால், மேடையில் ஆடும் கரகம் எந்த அம்மனுக்காக, எந்தத் திருவிழாவில், யார் தலையில் ஏறியது என்பது நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்த பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று பரிசுகளோடு இலண்டன் பட்டம் வென்ற இசைமேதை, பனங்கொட்டைகளை வைத்துக் குறி சொல்லும் முதியவரிடம் கேட்டறிய வெட்கப்படவில்லை. ஃபெலா சோவாண்டேயின் அத்தனை படைப்புகளுள்ளும் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது அந்தப் பணிவே.